டர்பன் கறிக்கு எந்த ஒயின்? வெள்ளையும் சிவப்பும் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். சாட்ஸ்வொர்த்தில் மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய சிவப்பு ஒயினாக, ஸ்டெல்லன்போஷ் ஊரின் கேபர்னே சோவின்யோன் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மாமா கறியில் இரண்டு வாய் சாப்பிட்டார், ஒயினில் ஒரு வாய் குடித்தார். "என்னப்பா இது, பாக்கு மென்னுட்டு மிளகாய்த் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் வழக்கம்போல கரும்பில் காய்ச்சிய கேன் ஸ்பிரிட்டில் கோக் கலந்துகொண்டார். ஒயின் என்பது லானிகள் சமாச்சாரம் என்ற முடிவு அந்த வீட்டில் இன்னொரு முறை உறுதியானது. பணக்காரத் தோரணைக்கு டர்பன் இந்தியர்கள் வைத்திருக்கும் சொல் லானி.

மாமா சொன்னதில் தவறே இல்லை. ஒயினிலும் குறை கிடையாது, அத்தை வைத்த கறியிலும் கிடையாது. ஆகாத இரண்டு பேரைப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது நான். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் சோதித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கேப் பகுதி ஒயின்களே இதில் அதிகம். வெளிநாட்டு பாட்டில்கள் சிலவும் வரும். எல்லாமே காரமும் புளியும் சாப்பிடுகிற நாக்குக்காக எழுதியது.

படி 1: நாக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒயின் பழகும் வெள்ளைக்காரர்கள் முதலில் திணறுவது டானின் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ளத்தான். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் ஒன்றாக அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. வாழைப்பூ, கடுக்காய், பாக்கு, கனியாத வாழைக்காய் என்று சின்ன வயதிலிருந்தே வாயில் பட்ட சுவை. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் துவர்ப்பு இருக்கிறது. புதிய ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க விடுவார்கள். வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலிலிருந்து பிரித்துவிடுவார்கள். துவர்ப்பு பெரும்பாலும் சிவப்பின் குணமாக இருப்பது இதனால்தான். அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது, வாய் வறண்டு இழுக்கிறது. ஏற்கெனவே மிளகாயில் எரிகிற வாயை வறள வைத்தால் என்ன ஆகும்? மாமா சொன்னதுதான் ஆகும்.

அடுத்தது ஆல்கஹால். மிளகாயின் காரம் உண்மையில் ஒரு சுவை அல்ல. சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் மிளகாயில் உள்ள கேப்சைசின் தட்டி எழுப்புகிறது. ஆல்கஹால் அந்த ஏற்பியை இன்னும் எளிதில் எழுந்துகொள்ளும்படி செய்துவிடும். 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின், எரிகிற தீயில் விட்ட நெய் மாதிரி: தீ இன்னும் ஓங்கும். 12 சதவீதம் என்றால் தீ அப்படியே இருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் இனிப்பு சேர்ந்தால் தணியும்.

மூன்றாவது புளிப்பு. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது, ஒயினில் புளிப்பு குறைவு என்றால் ஒயின் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். குழம்புக்கு நிகரான புளிப்பு ஒயினிலும் வேண்டும்.

ஆகவே கணக்கு இதுதான்: காரம் ஏறினால் ஆல்கஹாலும் துவர்ப்பும் இறங்க வேண்டும், புளி ஏறினால் ஒயினின் புளிப்பும் கூடவே ஏற வேண்டும். கீழே வரும் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

படி 2: பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். சிங்கமோ கோட்டையோ இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். காரச் சாப்பாட்டுக்கு 13-க்குக் கீழே இருந்தால் நல்லது. டிரை என்று இருந்தால் இனிப்பு இல்லை என்று அர்த்தம். ஆஃப்-டிரை என்றால் இனிப்பின் சாயல் இருக்கும், செமி-ஸ்வீட் என்றால் தெரிந்தே இனிக்கும். இனிப்பு ஒயின் குடித்தால் ஒயின் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று கூச்சப்பட வேண்டாம். நம் கறிக்கு ஆஃப்-டிரை ஒரு வரப்பிரசாதம்.

தென்னாப்பிரிக்க பாட்டிலில் ஊர்ப் பெயரோடு டபிள்யூ.ஓ. என்ற எழுத்துகள் இருக்கும். ஒயின் ஆஃப் ஆரிஜின் என்ற திட்டம் இது, 1973 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ஊர்ப் பெயர் போட்டிருக்கிறதோ திராட்சை முழுவதும் அந்த ஊருடையதாக இருக்க வேண்டும். திராட்சை வகையையும் ஆண்டையும் குறிப்பிட்டால் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். வெறுமனே வெஸ்டர்ன் கேப் என்று மட்டும் இருந்தால் பல இடத்துத் திராட்சை கலந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் ஊர்க் குணம் தெரியாது.

ஆண்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இங்கே அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில். ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் நம் ஒயின் அரை வயது மூத்தது.

படி 3: வெள்ளையில் ஆரம்பியுங்கள்

கறி என்றால் சிவப்பு என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. என் அனுபவத்தில் டர்பன் கறிக்கு பத்தில் ஏழு முறை வெள்ளைதான் ஒத்துப்போகிறது.

முதலில் ஷெனின் பிளாங்க். பூர்வீகம் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு என்றாலும், உலகத்திலேயே இது அதிகம் பயிராவது இங்கேதான். நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பழைய ஆட்கள் ஸ்டீன் என்பார்கள். ஒரு காலத்தில் பிராந்தி காய்ச்சவும் மலிவு ஒயினுக்கும் போய்க்கொண்டிருந்த திராட்சை. பழ மணமும் நல்ல புளிப்பும் சேர்ந்தே இருப்பதால் நம் சாப்பாட்டுக்கென்றே பிறந்தது போல் இருக்கும். ஸ்டெல்லன்போஷின் ஹெல்டர்பெர்க் மலைப்பக்கம் கென் ஃபாரஸ்டர் தயாரிக்கும் பெட்டி ஷெனின், ஓக் பீப்பாய் படாத எளிய ஒயின். முதல் பாட்டிலாக அதையே சொல்வேன். கோழிக்கறியோடும், உருளைக்கிழங்கு போட்ட சுகர் பீன்ஸ் கறியோடும் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பாட்டில் அதே ஷெனின், ஆனால் ஸ்வார்ட்லாண்டிலிருந்து. கேப் டவுனுக்கு வடக்கே மாம்ஸ்பரியைச் சுற்றிய வெயில் காயும் கோதுமை நாடு அது. பாசனமே இல்லாமல், கம்பி கட்டாமல், குத்துச்செடியாக நிற்கும் கிழட்டுக் கொடிகள். கொடிக்கு வயதாக ஆகக் காய்ப்பு குறையும், இருக்கிற காயில் சாரம் கூடும். 35 வயதைத் தாண்டிய கொடிகளுக்கென்று ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் தனி முத்திரை தருகிறது. நட்ட ஆண்டு பாட்டில் கழுத்திலேயே இருக்கும். ஏ.ஏ. பேடன்ஹார்ஸ்டின் செகட்டர்ஸ் இந்தப் பக்கத்து ஷெனினுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நல்ல அறிமுகம். ஸ்டெல்லன்போஷ் ஷெனினையும் இதையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால், ஊர் என்றால் என்ன என்பதைப் புத்தகமில்லாமலே புரிந்துகொள்ளலாம்.

சோவின்யோன் பிளாங்கைக் குளிர்ந்த இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும். வெயிலில் பழுத்தால் அதன் பச்சை மணமும் கூர்மையும் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் அண்டார்டிகப் பக்கத்திலிருந்து ஓடிவரும் பெங்குவேலா குளிர் நீரோட்டம் இருக்கிறது. கடலுக்கு அருகிலிருக்கும் கான்ஸ்டான்ஷியா, டார்லிங், உயரத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எல்கின் ஆகியவை இதற்குப் பேர்போன ஊர்கள். ஸ்டீன்பெர்க், கிளைன் கான்ஸ்டான்ஷியா, டார்லிங்கின் க்ரூட் போஸ்ட் மூன்றையும் நம்பி வாங்கலாம். ஜூன், ஜூலையில் நம் தென்கரைக்கு மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும்போது, மசாலா தடவிப் பொரித்து எலுமிச்சை பிழிந்து, இதை ஜில்லென்று ஊற்றுங்கள். வருஷத்தில் அந்த ஒரு மாலைக்காகவே நான் ஒரு பாட்டில் எடுத்து வைப்பேன்.

கான்ஸ்டான்ஷியா என்றதும் சொல்லியாக வேண்டும். 1685-இல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே மஸ்கட் திராட்சையில் செய்த இனிப்பு ஒயினைச் செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கு அனுப்பிவைத்தார்கள். வழக்கொழிந்துபோன அந்த ஒயினை கிளைன் கான்ஸ்டான்ஷியா 1986 அறுவடையிலிருந்து வேன் டி கான்ஸ்டன்ஸ் என்ற பெயரில் மீட்டெடுத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். பாயசத்துக்குப் பதிலாக ஒரு மடக்கு, வாழ்நாளில் ஒருமுறை.

இறால், நண்டு மாதிரி காரமும் தித்திப்பும் சேர்ந்த கறிக்கு ரீஸ்லிங்கை மிஞ்ச ஆளில்லை. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் விளைவது. கபினெட் என்று போட்ட இனிப்புச் சாயல் உள்ள மோசல் ஒயினில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். புளிப்போ கத்தி மாதிரி. நம் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். ட்ரோக்கன் என்று இருந்தால் அது இனிப்பில்லாதது, மாறிப் போகாதீர்கள். இறக்குமதி பாட்டில் டர்பனில் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். எல்கினின் பால் க்ளூவர் ரீஸ்லிங் அந்தக் குறையைத் தீர்க்கும். கேப் ரீஸ்லிங் என்று பழைய பாட்டில் எதிலாவது பார்த்தால் அது க்ரூஷேன் என்ற வேறு திராட்சை; பெயரில்தான் உறவு.

பிரான்சின் அல்சாஸிலிருந்து வரும் கெவுர்ஸ்ட்ராமினர் கிடைத்தால் ஒரு முறை வாங்குங்கள். டிசம்பரில் டர்பன் தெருமுனைகளில் கட்டுக்கட்டாக விற்கும் லிச்சிப் பழத்தின் மணம், அதோடு ரோஜா. புளிப்பு குறைவு என்பதால் புளிக்குழம்போடு வேண்டாம். மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட நம்மூர்ப் பிரியாணிக்கு வைத்தால் வீடே மணக்கும்.

ஷார்டனே எனக்குக் கறியோடு பிடிக்காது. ஓக் வாசமும் வெண்ணெய் வாசமும் மசாலாவோடு சண்டை போடும். தேங்காய்ப்பால் சேர்த்த காரமில்லாத மீனுக்கு மட்டும், சுண்ணாம்பு மண்ணுள்ள ராபர்ட்சனின் டி வெட்ஷோஃப் பீப்பாய் படாத வகையை வாங்குவேன்.

படி 4: சிவப்பு, இலேசானதிலிருந்து கனமானதுக்கு

ஆட்டுக்கறிக்குச் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு முதலில் சின்சோவைக் கொடுங்கள். தோல் மெலிந்த திராட்சை, துவர்ப்பு குறைவு, செர்ரிப் பழ மணம். பல காலம் பெயரில்லாமல் மற்ற ஒயின்களில் கலந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது தனியாகவே போடுகிறார்கள். நாட்டே வாலே என்ற தயாரிப்பாளர் ஸ்டெல்லன்போஷ், டார்லிங், ஸ்வார்ட்லாண்ட் எனத் தனித்தனி ஊர்ச் சின்சோக்களைப் போடுகிறார். கொஞ்சம் குளிர வைத்து, மட்டன் பன்னியோடு, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவதோடு, குடியுங்கள். கிரேவி ஊறிய அந்த ரொட்டியின் மெத்தென்ற தன்மை, காரத்தையும் ஒயினையும் சேர்த்து வைக்கும். மாமா ஒயின் பக்கம் சாய்ந்தது இந்த பாட்டிலில்தான். முழுசாக இல்லை, கோக் பாட்டில் இன்னமும் மேசையில் இருக்கிறது.

இதே குணத்தில் பிரான்சில் தேடினால் பொஜோலே. கமே திராட்சை, கருங்கல் மண், குறைந்த துவர்ப்பு. ஃப்ளூரி, மோர்கோன் என்ற கிராமப் பெயர் இருந்தால் இன்னும் மேல்.

பினோ நுவார் குளிர் விரும்பும் திராட்சை. ஹெர்மானஸில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே பின்னால் இருக்கும் ஹெமல்-என்-ஆர்டே பள்ளத்தாக்குக்கும் போய் வரலாம். பெயருக்கு அர்த்தம் வானமும் பூமியும். 1975-இல் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் கடற்காற்றை நம்பி அங்கே நிலம் வாங்கினார். இன்று நாட்டின் பேர்பெற்ற பினோ அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் டர்பன் மசாலாவுக்கு முன்னால் இந்த ஒயின் வாய் திறக்காது. விக்டோரியா தெருச் சந்தையில் மாமியார் கொல்லி என்ற அர்த்தத்தில் ஒரு மசாலாப் பொடி விற்கிறார்கள் அல்லவா, அதைப் போட்டுச் சமைத்துவிட்டுப் பினோ ஊற்றுவது காசைக் கரியாக்குவது. காளான் வறுவல், மிளகு குறைத்த கோழி ரோஸ்ட் போதும்.

பினோடாஜ் இந்த நாட்டிலேயே பிறந்தது. ஸ்டெல்லன்போஷில் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925-இல் பினோ நுவாரையும் சின்சோவையும் கலப்பினம் செய்தார். சின்சோவுக்கு அப்போது இங்கே ஹெர்மிடாஜ் என்று பெயர். இரண்டையும் சேர்த்துப் பினோடாஜ். கிடைத்தவை நாலே விதைகள். ஒரு காலத்தில் நெயில் பாலிஷ் வாடை, கருகிய ரப்பர் வாடை என்றெல்லாம் இதைக் கேலி செய்தார்கள், அதில் உண்மையும் இருந்தது. இப்போது நன்றாகச் செய்கிறார்கள். கனன்காப்பின் பினோடாஜ் சேமித்து வைக்கத் தகுந்தது. ஹெர்மானஸ் பக்கத்து சதர்ன் ரைட் பினோடாஜ் அதைவிட மென்மை. காபி வாசம் வரும் பினோடாஜும் விற்கிறது. அது வறுத்த ஓக்கின் வேலை, திராட்சையின் குணமல்ல. எனக்கு அது ஒயினாகவே தோன்றவில்லை, என் மைத்துனருக்கோ உயிர்.

ஸ்வார்ட்லாண்டின் ஷிராஸ் மிளகு மணக்கும். கரி அடுப்பில் வாட்டும் ப்ராய்க்கு, சீரகமும் மிளகும் தடவிய ஆட்டு விலா எலும்புக்குப் பொருத்தம். மிளகாய்ப் பொடி கிரேவி அல்ல, வாட்டிய இறைச்சி என்பதைக் கவனிக்கவும். கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது துவர்ப்பு குறையாகத் தெரியாது, ருசியாக மாறும். நான் முதலில் வாங்கிப்போன கேபர்னேக்கும் சரியான இடம் அந்த ப்ராய்தான். சைமன்ஸ்பெர்க், ஹெல்டர்பெர்க் மலைச்சரிவுக் கேபர்னேயும், மீர்லஸ்ட் தோட்டத்தின் ரூபிகான் மாதிரி, பிரான்சின் போர்டோ பாணியில் பல திராட்சைகளைக் கலந்தவையும் மாட்டிறைச்சி, ஆட்டுத் தொடை வாட்டும் நாளுக்கு உரியவை.

வெளியூரில் இரண்டு. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில், ஆண்டிஸ் மலையடிவாரத்து உயர்நிலத்தில் விளையும் மால்பெக்கும் ப்ராய்க்கு ஏற்றதே. ஸ்பெயினின் ரியோகாவில் க்ரியான்சா என்று போட்டிருந்தால் இரண்டு வருடம் முதிர்ந்தது, அதில் ஒரு வருடமாவது பீப்பாயில் இருந்தது. பட்டை கிராம்பு மணக்கும் ஆட்டுப் பிரியாணிக்கு அது நன்றாகப் போகும்.

படி 5: வாங்குவதும் வைப்பதும்

சூப்பர்மார்க்கெட்டில் எளிய வகைகள் கிடைக்கும். ஊர்ப் பெயர் போட்டவற்றுக்கு ஒரு நல்ல பாட்டில் ஸ்டோர் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்காமல், "காரமான இறால் கறிக்கு, ஆல்கஹால் குறைவா, கொஞ்சம் இனிப்புள்ளது" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். ஒரே நாளில் ஆறு பாட்டில் வேண்டாம். இரண்டு ஷெனின், ஒரு சின்சோ போதும்.

டர்பனில் ஒயினின் முதல் எதிரி சூடு. ஒரு டிசம்பரில் கேப் டவுனிலிருந்து காரில் திரும்பும்போது டிக்கியில் ஒரு பெட்டி ஒயின். கரூ என்ற வறண்ட வெளியின் வெயிலில் 1,600 கிலோமீட்டர், வழியில் ஒரு ராத்திரி. வீட்டுக்கு வந்து பார்த்தால் சில கார்க்குகள் மேலே தள்ளிக்கொண்டு நின்றன. திறந்தால் வேகவைத்த கொடிமுந்திரி வாசம். அத்தனையையும் வினிகராக்க முயன்று, அதுவும் சரியாக வரவில்லை. ஆகவே கோடையில் தோட்டத்திலிருந்தே கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பெட்டியைப் பின்சீட்டில் ஏசிக் காற்று படும்படி வையுங்கள். வீட்டில் பிரிட்ஜ் தலைமேல் வைப்பது மிகப் பெரிய தப்பு. அங்கேதான் சூடு அதிகம். கட்டிலுக்கடியில் அல்லது வெயில் படாத சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில், கார்க் போட்டதைப் படுக்கவைத்து. நான் சொன்ன வெள்ளைகளில் பெரும்பாலானவற்றை ஓரிரண்டு வருடத்துக்குள் குடித்துவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் குவாசுலு-நேட்டாலிலேயே ஹாவிக் பக்கம் அபிங்டன் என்ற தோட்டம் ஒயின் செய்கிறது. கேப்பில் மழை குளிர்காலத்தில். இங்கே கோடையில், திராட்சை பழுக்கிற நேரத்தில். பூஞ்சையோடு போராடித்தான் ஒவ்வொரு அறுவடையும். போய்ப் பார்க்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பயணம்.

படி 6: ஊற்றும்போது

சிவப்பை அறை வெப்பத்தில் ஊற்று என்ற அறிவுரை குளிர்நாட்டுக் கல்வீடுகளுக்கு. பிப்ரவரியில் நம் அறை வெப்பம் 30 டிகிரி. இலேசான சிவப்பு 14 டிகிரி, கனமானது 17, 18 டிகிரி இருக்க வேண்டும். பிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்தால் சரியாகும். வெள்ளைக்கு 8 முதல் 10. அவசரம் என்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸைவிட இது சீக்கிரம் குளிரும். கிளாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மணத்துக்கு இடம் வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் கெட்ட பாட்டில். கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. திருகுமூடி பாட்டிலில் அந்தத் தொல்லை மிக அரிது.

படி 7: ஒரு ஞாயிறு, நாலு கிளாஸ்

இது படித்து வரும் கலை இல்லை. ஸ்டெல்லன்போஷ் ஷெனின், ஆஃப்-டிரை ரீஸ்லிங், சின்சோ, கேபர்னே நான்கையும் வரிசையாக வையுங்கள். முதலில் வெறும் வாயில் ஒரு மடக்கு. அப்புறம் ஆட்டுக்கறியில் ஒரு வாய், மறுபடி ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு. நடுவில் தண்ணீருக்குப் பதில் ஒரு துண்டு வெறும் ரொட்டி. வெறும் வாயில் முதலிடம் பிடித்த கேபர்னே, கறிக்குப் பிறகு கடைசிக்குப் போவதை எல்லோரும் தாங்களே கண்டுபிடிப்பார்கள். காரோட்டி வந்தவர் மடக்கை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

விருந்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, மீன் பசை, ஜெலட்டின் போன்றவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். வீகன் என்று பாட்டிலின் பின்பக்கம் இருந்தால் களிமண்ணிலோ வேறு வழியிலோ தெளிய வைத்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க இந்தப் பேச்சே கிடையாது, ஒயினும் கிடையாது. மாதம் முடிந்து முதல் கறி வைக்கும் ஞாயிற்றுக்குத்தான் மாமாவே சின்சோவைக் காலையில் பிரிட்ஜில் வைத்துவிடுகிறார். இரண்டு மணி நேரம் போதும் மாமா என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

மிச்சமிருந்தால் மூடி, பிரிட்ஜில் நிற்க வையுங்கள். வெள்ளை மூன்று நாள் தாங்கும், இலேசான சிவப்பு இரண்டு நாள்.